காக்கா திறந்து பார்த்த பர்கர்

இன்று அக்காவுக்கு முதல் வருடத் திதி. படையலில் அவளுக்குப் பிடித்தது இருக்க வேண்டும் என்றாள் அம்மா. காரைக்குடியில் வீகன் பர்கருக்கு எங்கே போவது? நானே தட்டைப்பயறை வேகவைத்து மசித்து, சின்ன வெங்காயமும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துத் தட்டிச் சுட்டு, பன்னுக்குள் வைத்தேன்.

அக்கா பால், நெய் எதையும் தொட மாட்டாள். யார் பர்கர் கொடுத்தாலும் மேல் பன்னைத் தூக்கி, உள்ளே வெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

மாடியில் இலை வைத்தோம். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. இறங்கவில்லை.

"ஏதோ குறை வச்சுட்டீக" என்றார் அத்தை.

அம்மாவின் முகம் மாறியது. "படையலுக்கு நெய் விடாம எப்படின்னு, பழக்கத்துல இலையில வச்ச பர்கருக்குள்ள ஒரு கரண்டி விட்டுட்டேன்டா."

வேறு இலையில் வேறு பர்கர் வைத்தோம்.

காக்கா இறங்கியது. அலகால் மேல் பன்னைத் தள்ளியது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது.

"ஒண்ணும் கலக்கல ஆத்தா, சாப்பிடு" என்றாள் அம்மா.

சாப்பிட்டது.

மீதிப் பர்கர்கள் அடுக்களையில் இருக்கின்றன. பர்கர் பழக்கமில்லாத எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. நீங்க யாராச்சும் வாரீகளா? நெய் இல்லை. அக்கா பார்த்துவிட்டாள்.