மூன்று புள்ளிக்குப் பின்னால் என் மாப்பிள்ளை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். கூடலூரில் கூடை சுமந்து, குத்தகைக்கு நிலம் பிடித்து, பிறகு சொந்தமாகத் திராட்சைப் பந்தல் போட்டவன். படித்த பண்ணைக்காரர்களே யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கென்று முதலில் வெப்சைட் வைத்தவனும் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய பெண் அதைச் செய்துகொடுத்தார். நெட்டில் தேடுகிறவர்களுக்கு முதலில் தெரிவது தோட்டத்தின் பெயரும் அதன் கீழே இரண்டு வரியும்தான் என்று சொல்லி, அந்த வரிகளை என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்த எழுத்து கல்யாணப் பத்திரிகைதான். அதே முறையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று வரிசையாக நிறுத்தி, வரவேற்கிறவர் நிற்கும் கடைசி இடத்தில் என் தங்கை கணவரின் பெயரை வைத்தேன். பக்கத்துத் தோட்டம் அவருடையது. என் கிணறு வற்றிய வருஷம், தன் கொடியை வாடவிட்டு எனக்குத் தண்ணீர் திருப்பியவர். திராட்சை என்ற சொல்லே அவருக்குப் பின்னால்தான் வந்தது.

"நீளமா இருக்குய்யா, வெட்டிப்புடும்" என்றார் அந்தப் பெண். எங்கள் வீட்டுப் பெயரை வெட்ட எவனுக்குத் தைரியம் என்று கேட்டேன்.

மாப்பிள்ளை சந்தோஷமாகப் பங்காளிகளை அழைத்துக்கொண்டு சென்டருக்குப் போயிருக்கிறார். தேடியதும் பெரியப்பா வந்தார், சித்தப்பா வந்தார், தாய்மாமன் பாதி வந்தார். அப்புறம் மூன்று புள்ளி. "ஏலே, ஒன்னயத்தான் புள்ளி வச்சுக் காட்டியிருக்காக" என்றாராம் ஒருவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னார்.

உடனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பக்கத்தைத் திறந்தால் முழுப் பெயரும் உள்ளே இருக்கிறது, வெட்டியது மெஷின்தான் என்று விளக்கினேன்.

"உள்ள இருக்கட்டும் மச்சான். வாசல்ல யாரு நிக்கிறாகன்னுதான ஊரு பாக்கும்" என்றார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். காபி கொடுத்து அனுப்பினார்.

அவர் பெயரை முன்னால் போடச் சொல்லி மறுபடி சென்டருக்குப் போனேன். "தேடி வாரவுக பழத்தத் தேடுவாக, ஒங்க மாப்ளயவா தேடுவாக?" என்றார் அந்தப் பெண். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, குமுளி போகும் வழியில் பன்னீர் திராட்சைத் தோட்டம், நீங்களே பறித்துச் சாப்பிடலாம் என்று அடித்தார். அதற்கப்புறம் கேரளத்திலிருந்து வேன் வேனாக வந்தார்கள். என் தோட்டத்துக்கு வந்த கூட்டம் எவன் தோட்டத்துக்கும் வரவில்லை. மாப்பிள்ளையோ, உள்ளே இருந்ததும் போய்விட்டதே என்று எடுத்துக்கொண்டார்.

வருஷாவருஷம் என் பந்தலில் முதல் கொத்தை அவர்தான் வெட்டுவார். அந்த வருஷம் சொல்லி அனுப்பியும் தங்கை மட்டும் வந்தாள்.

"அவுகளுக்கு மேலுக்கு முடியலண்ணே" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் ஆட்களை அதட்டும் குரல் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். தலைக்கு மேல் தொங்கிய கொத்துகளில் எதை வெட்டுவது என்று பார்ப்பதுபோல இருவரும் நிமிர்ந்தே நின்றோம்.