இரண்டு பக்கமும் ஒரே அளவு

தோல் அளக்கிறவனை விற்கிறவரும் நம்ப மாட்டார், வாங்குகிறவரும் நம்ப மாட்டார். ஆம்பூரில் முப்பத்தொரு வருஷம் அளக்கும் மெஷின் முன்னால் நின்ற எனக்கு இது தெரியும். தராசு, டேப், மீட்டர் என்று எதையாவது பிடித்துப் பிழைத்த உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வேலையில் நேர்ந்தவற்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எதை எழுதினாலும் நடுவில் நசீர் வந்துவிடுகிறான். நேரில்தான் வருவதில்லை.

தலையில் எழுதும் எண்

வாணியம்பாடியில் எட்டாவது வரை நானும் நசீரும் ஒரே பெஞ்சு. அப்பா இறந்ததும் நான் தோல் கம்பெனிக்கு வந்துவிட்டேன். அவன் படித்துக்கொண்டே போய் ஜெர்மனியில் கணக்குப் பேராசிரியர் ஆனான். ஞாயிறுதோறும் போன் செய்வான். ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கையில் இருக்கும் ஒரு நிரூபணத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதன் முதல் பக்கத்தை ஒரு முறை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்கள் தொழிலில் ஐந்தரை சதுர அடித் தோலின் உள்பக்கத்தில் 5 எழுதி, அதன் தலையில் சின்னதாக 2 போடுவோம். இரண்டு கால், அதாவது அரை. அவன் பக்கத்திலும் P என்ற எழுத்தின் தலையில் 2 இருந்தது. "P யும் ஒரு அரையும். அது வரைக்கும் புரிஞ்சிது" என்றேன். வெகு நேரம் சிரித்துவிட்டுச் சொன்னான்: "அது வர்க்கம்டா ஏழுமல! உங்கிட்ட வுட்டா என் கட்டுரைக்கும் சீல் குத்தி ஷூ கம்பெனிக்கு அனுப்பிடுவே."

சென்னைக்காரர் அளவு

வாங்குபவரின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். நான் ஐந்தே முக்கால் என்று எழுதிய ஆட்டுத் தோல் அவர்கள் மெஷினில் ஐந்தரைதான் வருகிறதாம். எதிரிலேயே மூன்று முறை அளந்து காட்டினேன். மூன்று முறையும் முக்கால். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு நசீரிடம் இதைச் சொன்னேன். தன் வேலையும் அதுதான் என்றான். குறிப்பிட்ட விதங்களில் நகர்த்தினாலும் திருப்பினாலும் மாறாத சில உருவங்கள் உண்டாம். ஆட்டோமார்ஃபிக் ஃபார்ம் என்று பெயர். அதன் மேல் ஒரு பாதையில் போய், துண்டு துண்டாகக் கூட்டினால் ஓர் எண் வரும். அது பீரியட். நம் மெஷின் தோலைத் துண்டு துண்டாகக் கூட்டுவது மாதிரி. இன்னொரு பக்கம் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களை வைத்து, எண்ணுக்கு ஒரு பங்காகக் கட்டுகிற எல் சார்பு. அதற்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு மதிப்பு. முகம் பார்த்துக்கொள்ளாத இந்த இரண்டு கணக்கும், பீரியடை வர்க்கமாக்கி, தெரிந்த சில எண்களால் சரிக்கட்டினால், ஒத்துப்போகும் என்றான்.

திங்களன்று மெஷினின் அந்தப் பக்கம் வெளியே வரும் தோலைப் பிடித்து அடுக்கும் பாபுவிடம் சொன்னேன். அவன் சொன்னது: "ரெண்டு மெஷினே ஒத்துப்போவலண்ணே, இதுல ரெண்டு கணக்கு ஒத்துப்போவுதாமா? மொதல்ல உங்க தோஸ்த்த இங்க மேனேஜரா வரச் சொல்லுங்க."

ஓட்டை

தோலில் ஓட்டை இருந்தால் மெஷின் அதை விட்டுவிட்டுக் கூட்டும். அளவு குறையும், ஆனால் தோல் என்று ஒன்று இருந்தால் பூஜ்யம் வராது. நசீர் கணக்கில் வரும். அவன் உருவத்துக்குக் கழித்தலும் உண்டு. ஏறினதும் இறங்கினதும் ஒன்றையொன்று தின்றுவிட்டால், உருவம் இருக்கும், பீரியட் பூஜ்யமாகிவிடும். அவனுடைய பீரியட் பூஜ்யம் இல்லை என்று காட்டுவதுதான் அந்த நிரூபணம். நேராகக் கூட்டிப் பார்க்க வழியில்லை. எல் சார்பின் பக்கம் போய், அங்கே பூஜ்யம் இல்லை என்று காட்டினால் இங்கேயும் இல்லை.

"சரி, எவ்ளோ வரும்?" என்றேன்.

"எவ்ளோன்னு வேணாம்டா. ஜீரோ இல்லன்னா போதும்."

எனக்குக் கோபமே வந்தது. கால் அடிக்குப் பதில் சொல்லி வளர்ந்தவன் நான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி மல்லிகா குரல் கொடுத்தாள்: "இருக்குதா இல்லையான்னு பாக்கவா அண்ணனுக்கு இத்தினி வருஷம்? எங்கிட்ட வுட்டா அரிசி டப்பாவத் தொறந்து பாத்துச் சொல்லியிருப்பேனே!"

ஜோலார்பேட்டை

மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்கு வந்தான். முடிந்ததும் ரயிலில் வருவதாகச் சொன்னான். அது ஆம்பூரில் நிற்காத ரயில். நான் லீவு போட்டு, ஜோலார்பேட்டைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். இருபத்திரண்டு பெட்டி. ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். இறங்கியவர்களில் அவனைப் போல வழுக்கையாக இருந்தவர்களை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன், ஆறு பேர். ரயில் போய்விட்டது. நான் போகவில்லை.

நிரூபணத்தில் யாரோ ஒரு தப்பைக் காட்டியதால் பெங்களூரிலிருந்தே விமானம் ஏறிவிட்டதாகச் சாயங்காலம் செய்தி வந்தது. அதற்கு முன்பே டீ விற்கிறவர் எனக்குச் சொல்லிவிட்டார்: "ஆளு வர்ற வூட்டுக்காரன் லேட்டாதாண்ணா ஓடியாருவான். இப்டி முன்னாடியே வந்து நிக்கிறவனுக்கு யாரும் எறங்குனத நான் பாத்ததில்ல."

புதன்கிழமை

போன மாதம் ஒரு புதன்கிழமை போன் வந்தது. ஞாயிறு தவிர அவன் கூப்பிட்டதில்லை, பயந்துகொண்டுதான் எடுத்தேன்.

"ஏழுமல, முடிஞ்சிதுடா. ஜீரோ இல்ல. ரெண்டு பேரு சரி பாத்துட்டாங்க."

அவன் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. மல்லிகா அதற்குள் மாடி அறையைப் பெருக்கப் போய்விட்டாள். அவன் பேசிக்கொண்டே போனான். இதை வைத்து இன்னும் பெரிய ஒன்றைப் பிடிக்கலாமாம், நாலு ஊரில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம், இந்த வருஷம் வர முடியாதாம். மாடியில் பெருக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இத்தனை வருஷமாகக் கூச்சத்தில் கேட்காததை அன்று கேட்டேன்.

"நசீர், இங்க வரணும்னு உனக்கு இருக்குதா? இருக்குதுன்னா எவ்ளோ இருக்குது?"

மெதுவாகச் சொன்னான்: "எவ்ளோன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்லடா. ஜீரோ இல்ல. அது மட்டும் நிச்சயம்."

அரைக்கும் முக்காலுக்கும் ஊரையே பேஜார் பண்ணியவன் நான், அந்த ஒரு பதிலை மட்டும் மறுபடி அளக்கக் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.