நைனா சொன்ன 'ஐ வீன்'

ஆடிக்கிருத்திகை என்றதும் மொட்டைத் தலைகளில் அப்பிய சந்தனம் வெயிலில் காயும் வாசனைதான் எனக்கு முதலில் வரும். அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் நைனா ஆண்டுதோறும் என் அண்ணனைத் தேடினார்.

நைனா ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜில் அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். படிப்பில் மிஞ்சியது ஒரே ஒரு வினைச்சொல். வேலைக்கென்று அரக்கோணத்தில் மும்பை ரயில் ஏறிய அண்ணனிடமிருந்து போன் வருவது நின்றபின், "வருவானா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "ஐ வீன்" என்பார். நினைக்கிறேன், எதிர்பார்க்கிறேன், நம்புகிறேன் எல்லாம் அதற்குள் அடக்கமாம். பழைய ஆங்கிலக் கவிஞர்கள் எழுதியதாம், இப்போது இங்கிலாந்திலேயே யாரும் சொல்வதில்லையாம். "அங்கியே இல்லாதத இங்க வெச்சிகினு இன்னா பண்றது?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். மறுநாளும் கேட்பாள். சின்னப் பெண்ணான நான், நைனா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அண்ணன் எங்கேயோ பத்திரமாக இருப்பான் என்று மனதார நம்பினேன்.

கிருத்திகைக்கு முடி இறக்குவது எங்கள் வீட்டு வேண்டுதல். எங்கிருந்தாலும் அதற்கு வந்துவிடுவான் என்பது நைனாவின் கணக்கு. ஆனால் அன்று ஊரே மொட்டை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒன்றுதான். ஓர் ஆண்டு சரவணப் பொய்கைப் படிக்கட்டில் ஒருவன் தோளை இறுகப் பிடித்து, "வந்துட்டியாடா" என்று அழுதேவிட்டார். திரும்பியவன் சித்தூர்க்காரன். யார் வேண்டும் பெரியவரே என்று தெலுங்கில் மரியாதையாகக் கேட்டான். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கல்லூரியில் ஆசிரியரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். "கவிதையில் வரி முடிவில் ஓசை அமையாவிட்டால் அதைச் செருகி ஒப்பேற்றிவிடுவார்கள். பல இடங்களில் அதற்குப் பொருளே கிடையாது" என்று சிரித்தார். இலக்கியம் படித்த நைனாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பது பின்னால்தான் உறைத்தது.

லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். இந்த ஆடிக்கிருத்திகைக்குச் சென்னையிலிருந்து போயிருந்தேன். தெருவெல்லாம் காவடி போனது. நைனா நாற்காலியை விட்டு எழவில்லை. மனசு கேட்காமல் நானே கேட்டேன்.

"அண்ணன் வருவான் இல்ல நைனா?"

"வர மாட்டாம்மா" என்றார், தமிழிலேயே. பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினார்.