குப்பியம்மாவின் குக்கர்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குக்கர். மூன்று மாதமாக அதில் பாதி நாள் குப்பிகள்தான் வேகின்றன. நான் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். முப்பது வருடம் கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன். வீட்டோடு உட்கார்ந்த பிறகாவது ஒரு மணிக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பினேன். என் மனைவியும் ஓய்வு பெற்று வந்தாள். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

அவள் கல்லூரியில், தாவரவியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளாக இருந்தாள். இருபத்தாறு வருடம். மாணவர்கள் வைத்த பெயர் குப்பியம்மா. அவள் கழுவிய குப்பிகளில் யார் யாரோ விதை போட்டார்கள், முளைக்க வைத்தார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் கைக்குத் திரும்பி வந்தது அழுக்குக் குப்பிதான்.

வழியனுப்பு விழாவில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை என் கையில் திணித்துவிட்டு, தூக்கிப்போட வைத்திருந்த ஓர் ஆர்க்கிட் காயைக் கேட்டு வாங்கி வந்தாள். உள்ளே இருந்த விதை மஞ்சள் தூசி மாதிரி இருந்தது. அதை வெறும் மண்ணில் போட்டால் முளைக்காதாம். சர்க்கரை கலந்த ஜெல்லியில், கிருமியே இல்லாத குப்பிக்குள் தூவ வேண்டுமாம். ஒரே ஒரு கிருமி உள்ளே இருந்தாலும் விதை கண் திறப்பதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

"எதுக்கு இந்த வயசுல இந்த வம்பு?" என்றேன்.

"நான் கழுவின குப்பியில நானே ஒரு தடவை எதையாவது வளர்த்துப் பாத்துடணுங்க. அவ்வளவுதான்."

குப்பிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லக் கல்லூரியில் ஆளுயர இயந்திரம் இருந்தது. இங்கே குக்கர். பழைய மருந்துக் குப்பிகள் பன்னிரண்டை வெந்நீரில் ஊறப்போடுவாள். பிரஷ் விட்டுத் தேய்த்து ஏழு தண்ணீர் அலசுவாள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் பசை போகவில்லை, மறுபடியும் முதலிலிருந்து. பிறகு ஜெல்லியை ஊற்றி, பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றி ரப்பர் போடுவாள். குக்கரில் பத்து நிமிடம் ஆவி போன பிறகே வெயிட் போட வேண்டும். விசிலை எண்ணக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் சமையலறைக்கு வந்தது.

முதல் தடவை குக்கரில் தண்ணீர் வற்றிக் குப்பிகள் விரிசல் விட்டன. இரண்டாம் தடவை ஜன்னலைச் சாத்தாமல் விதை தூவினாள், பூஞ்சை வந்தது. இரண்டுக்கும் காரணம் தெரிந்ததால் அவள் அசரவில்லை. ஆனால் காயிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்த விதை ஒரு சிட்டிகைக்கு வந்துவிட்டது. மூன்றாவதுதான் கடைசித் தடவை.

அன்று காலை முழுக்க நின்றே கழுவியவள், அடுப்பை அணைத்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் படுக்கறேன். குக்கர்ல யாரும் கை வைக்காதீங்க. தானா அடங்கணும்."

"யாரும்னா? வீட்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

மணி ஒன்றேகால். வயிறு கபகபவென்று எரிந்தது. கிழங்கு வேக வைக்கலாம் என்றால் குக்கர் அடங்குவதாக இல்லை. எந்த வீட்டிலும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். கரண்டியால் வெயிட்டைத் தூக்கினேன், புஸ்ஸென்று ஆவி போனது, அப்படியே குழாயடியில் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தேன். அழுத்தம் சட்டென்று குறைந்ததில் உள்ளே ஜெல்லி பொங்கி வழிந்து, ஒன்பது குப்பிகளில் பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது. கொஞ்சமாக ஊற்றியிருந்த மூன்று மட்டும் அப்படியே இருந்தன.

உடனே அவளை எழுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வைத்திருந்த பஞ்சுச் சுருளிலிருந்தே புதிதாகக் கிள்ளி எடுத்து, வெள்ளை வெளேரென்று ஒன்பதையும் அடைத்து, துடைத்து, காகிதம் சுற்றி வைத்தேன். அவளைவிட அழகாகச் செய்துவிட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

மூன்று மணிக்கு எழுந்து வந்தாள். "அடங்கிடுச்சா?"

"எப்பவோ அடங்கிடுச்சு."

குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். "ஜெல்லி குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"உன் கண்ணைப் போய் டாக்டர்கிட்ட காட்டு."

மறுநாள் எல்லாக் கதவையும் சாத்தி, கையை ஸ்பிரிட்டில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி விதையையும் தூவினாள். நான்காம் நாள் ஒரு குப்பியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்தது. வாரக் கடைசிக்குள் ஒன்பது.

இந்தத் தடவை அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதனால் தன் கைமேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம் நான் கழுவினதும் இப்படித்தான் இருந்திருக்குமோ? பாவம் அந்தப் பிள்ளைங்க. என்னால எத்தனை பேருக்குக் கெட்டுப்போச்சோ."

அடுத்த இரண்டு நாள் அவள் குப்பிகளின் பக்கமே போகவில்லை. சாப்பாடு ஒரு மணிக்கு டாணென்று வந்தது. நான் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக் கொட்டிவிடலாம் என்று பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். பூஞ்சை பிடித்த ஒன்பதையும் போட்டாள். தெளிவாக இருந்த மூன்றையும் கையில் எடுத்தாள்.

"இதுக்கும் நாளைக்கு வந்துடும்."

"அந்த மூணைப் போடாதே," என்றேன்.

"ஏன்?"

"அதுல நான் கை வைக்கல."

திரும்பிப் பார்த்தாள். வெயிட்டைத் தூக்கியது, குழாய், பஞ்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கண்ணைக் குறை சொன்னதுவரை சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ, கழுவினதுல குத்தம் இல்லையா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல. குக்கர்ல வேகாத பஞ்சுதான் காரணம். அதை வெச்சவன்தான் காரணம்."

மூன்று குப்பிகளையும் ஜன்னலோரம் திரும்ப வைத்தாள். அவை முளைக்குமா என்று தெரிய இன்னும் பல வாரம் ஆகும். அப்புறம் தரையில் உட்கார்ந்து, தோல் சுருங்கி வெளுத்த கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்காரக்கூட எனக்கு முகம் இல்லை.

சாயங்காலம் அந்த ஒன்பது குப்பிகளையும் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"இங்க வாங்க."

போனேன். ஒரு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என் கண்ணுதான் சரியில்லையே. நீங்க பாத்துச் சொல்லுங்க. முத்து நிக்குதா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

ஒன்பது குப்பிக்கும் கேட்டாள். ஒன்பது தடவையும் சொன்னேன்.