தயிருக்குப் பக்கத்தில் சாக்லேட்

குவைத்தின் ஃபர்வானியாவில் எங்கள் தெரு மளிகைக்கடைக்கு வாரம் ஒருமுறை வருவார் அந்த சாக்லேட் சேல்ஸ்மேன். ஒல்லியான உடம்பு, தோளில் ஐஸ்பெட்டி. பேரீச்சம்பழம் வைத்த சாக்லேட் செய்யும் சின்னக் கம்பெனி அவருடையது.

கடையில் சாக்லேட்டுக்கென்று இருந்த கண்ணாடி ஃபிரிட்ஜ் ஒரு பெரிய கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அவர்கள் சரக்கைத் தவிர வேறெதுவும் அதில் வைக்கக் கூடாது. வெளியே வைத்தால் குவைத் வெயிலில் பாயசம்தான். இருந்தும் இந்த மனிதர் வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபிரிட்ஜைத் திறந்து, சரிந்த பாக்கெட்டுகளை நேராக அடுக்குவார்.

"போட்டிக்காரன் சரக்கை நீங்க ஏங்க அடுக்குறீங்க?" என்றேன் ஒருநாள்.

"அலங்கோலமா கிடந்தா சாக்லேட் ஆசையே போயிடும் சார். அப்புறம் என்னுதை யார் வாங்குவா?"

பிறகு கடைக்காரரிடம், "பாய், தயிர் ஃபிரிட்ஜ் உங்க சொந்தம்தானே? அதுல ஒரு ஓரம் குடுங்க" என்றார்.

"தயிர் வாங்க வர்றவன் சாக்லேட்டா வாங்குவான்? சரி, வச்சுட்டுப் போங்க. கலாஸ், அவ்வளவுதான்!"

தயிர் வாங்கப் போன நானே அன்று இரண்டு எடுத்துவந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், தயிருக்குப் பக்கத்தில் பெரிய கம்பெனி பாக்கெட்டுகளும் உட்கார்ந்திருந்தன. பாயிடம் கெஞ்சி வாங்கிய இடமாம். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. அவரோ ஐஸ்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சரிந்திருந்த அந்தப் புதுப் பாக்கெட்டுகளை நேராக அடுக்க ஆரம்பித்தார்.

"கோபமே வரலையா உங்களுக்கு?"

"எதுக்கு சார்? இத்தனை நாள் நான் அவங்களைப் பார்த்துட்டிருந்தேன். இப்போ அவங்க என்னைப் பார்க்குறாங்க."