அறுக்காமல் விட்ட சீல்

மாலை ஐந்தேகால் மணி. குற்றாலத்துச் சத்திர வாசலில், சாரலில் நனைந்த சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஓடிய மயிரிழை விரிசலை என் மகன் நகத்தால் தொட்டுக் காட்டினான். கெடுதல் அப்போதுதான் தொடங்கியது. விரிசலுக்குச் சற்றுக் கீழே, நானே இடுக்கியால் நசுக்கிப் போட்ட ஈயச் சீல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தென்காசிச் சைக்கிள் கடை முதலாளி நடத்திய மூன்று நாள் பந்தயம் அது. முதல் நாள் திருநெல்வேலியிலிருந்து தென்காசி. மறுநாள் சுரண்டையைச் சுற்றிக் குற்றாலம். கடைசி நாள் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலையேறி இறங்கி, தென்காசிக் கோயில் முன் முடிவு. ஓட்டியவர்கள் எல்லோரும் கடைகளிடம் சம்பளம் வாங்கியவர்கள். என் மகன் அந்த முதலாளியின் ஆள். தம் வண்டியில் மூன்று நாளும் ஓர் உறுப்புகூட மாற்ற வேண்டியிராது என்று அவர் நோட்டீஸ் அடித்திருந்தார். அதற்காகத்தான் எல்லா வண்டிகளின் உறுப்புகளுக்கும் சீல். அதை அறுத்து எதையாவது மாற்றினால், ஓட்டியவன் கணக்கில் அரைமணி நேரம் கூடும். வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று இடுக்கியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை. இன்று நினைத்தால் வாய் கசக்கிறது.

முதல் நாளே சுரண்டைக் கடைக்காக ஓட்டியவன் மாட்டுவண்டியில் மோதி ஹேண்டில்பாரை வளைத்துக்கொண்டான். நான் சீலை அறுத்து, புதியது மாட்டவிட்டு, அரைமணியைக் கூட்டினேன். அவன் என்னை முறைத்துவிட்டுப் போனான். வாத்தியார் தன் மகனுக்கு வழி பண்ணுகிறார் என்று அவன் ஊர்க்காரர்கள் ஊளையிட்டார்கள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. இரண்டாம் நாள் மாலை குற்றாலத்தில் என் மகன்தான் முன்னணியில் இருந்தான்.

"அப்பா, இத வச்சுக்கிட்டு மலை இறங்க முடியாது. அறுத்திருங்க. அரைமணி கூடினா கூடட்டும்," என்றான்.

பின்னாலிருந்து முதலாளி சிரித்தார். "என்ன வே வாத்தியாரே, கீறலுக்கெல்லாம் சீல அறுப்பீரோ? ஊரான் மவனுக்கு வளைஞ்ச பொறவு, ஓம்ம மவனுக்குக் கீறினதுமேயா? இது என்ன சட்டம்?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அறுக்கும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. நான் இடுக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மெதுவா இறங்குலே," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சைக்கிளை நிமிர்த்தி வைத்தான்.

கடைசி நாள், தென்காசியில், இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரத்தின் கீழ் கடிகாரமும் கையுமாக நின்றேன். பத்தரைக்கு முதல் ஆள் வந்தான். இரண்டு நாளும் என் மகனுக்குப் பின்னால் வந்தவன். அடுத்தடுத்து வந்தவர்களின் கையைப் பிடித்துக் கேட்டேன். "பாக்கலயே" என்று உதறிவிட்டுப் போனார்கள். முதலாளி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பன்னீர்ச் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"வருவான் வே. வண்டி நம்ம வண்டில்லா," என்றார்.

இப்போதும் கடைவீதியில் அந்தக் குரல் கேட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். மன்னிக்கிற வயது வந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை, அவர் விஷயத்திலும் என் விஷயத்திலும்.

ஏழு வருடமாகிறது. மகனுக்கு இடது முழங்கை மடங்காது. சட்டை மாட்டப் பக்கத்தில் ஆள் வேண்டும். என்னை அவன் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். அவன் தெருமுனை திரும்பத் தாமதமானால் இன்றும் என் கை கடிகாரத்தைத் தேடுகிறது. மேசை இழுப்பறையில், அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஈயச் சீல் அறுபடாமல் கிடக்கிறது.

அது என் கைக்கு வந்தது அன்று மதியம் இரண்டு மணிக்கு. கூட்டம் கலைந்த பிறகு சுரண்டைக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின் கேரியரில் என் மகன், கை துண்டால் கட்டப்பட்டு, முகமெல்லாம் காய்ந்த ரத்தம். ஆரியங்காவு மலையின் புளியரை இறக்கத்திலிருந்து பந்தயத்தை விட்டுவிட்டு அவனைச் சுமந்து வந்திருக்கிறான். என் மகனை இறக்கி உட்காரவைத்துவிட்டுச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். முறிந்த போர்க்குத் துண்டை, அதில் தொங்கிய சீலோடு, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"வாத்தியாரய்யா, நல்லாப் பாத்துக்கிடுங்க. உங்க சீலு உடையல. உங்க மவன் கைதான் ஒடிஞ்சிருக்கு."