வண்டி வேண்டும், வண்டிக்காரி வேண்டாம்

யுன்ஷியா அந்த வெள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்திய அன்று சந்தைத் தெருவே மூக்கின் மேல் விரல் வைத்தது. "பாவ்சி அவிச்சு வித்தவ, இப்ப வண்டியளவுக்கு ஒரு பாவ்சிய அவிச்சு எடுத்துட்டு வந்துட்டா" என்றான் எதிர்க்கடை நூடுல்ஸ்காரன். அன்றிலிருந்து அதற்குப் பெரிய பாவ்சி என்றே பெயர். யுன்ஷியா கோபப்படவில்லை. பூரணம் வைத்து அவித்த வெள்ளை மாவு உருண்டைதான் பாவ்சி; அதை விற்ற காசில் வந்த வண்டிதானே, வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். இருக்கைகள் எல்லாம் வெளிர் தோல். குளிருக்கு அவையே சூடாகும். கடைக்குப் பின்னால் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். ஊருக்குள் அந்த மின்சாரத்திலேயே சத்தமில்லாமல் ஓடும். மலைக்குப் போனால் பெட்ரோல் இருக்கிறது. முழுக்க மின்சார வண்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஒரே ஆளை நம்பி ஒரு தடவ ஏமாந்தது போதும். இதுக்கு ரெண்டு வயிறு. ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இருக்கு."

கைவிட்ட ஆள் அவள் கணவன். அது நடந்து பதினோரு வருடம் ஆயிற்று. விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்தது வருடப் பிறப்புக்கு நான்கு நாள் முன்பு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கட்டிக்கொடுத்த பெண் வருடப் பிறப்புக்கு முந்தைய நாள் பிறந்த வீட்டில் தங்கினால் அந்த வீடு விளங்காது என்பார்கள் எங்கள் பக்கம். அண்ணன் யுன்ஹை இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். "பண்டிகை முடிஞ்சு வா, யுன்ஷியா" என்றான். கேட்டைத் திறக்கவில்லை. பூசாத ஒரு வாடகைக் கடையில், காலி மாவுச் சாக்குகளை விரித்துப் படுத்தவள், அந்த இடத்திலேயே பாவ்சிக் கடை போட்டாள்.

அண்ணன் மகன் கைவென் மட்டும் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் வருவான். ஆறு வருடம் அவனுடைய காலைச் சாப்பாடு அத்தை கடையில்தான். நாற்பத்து நாலு வயதில் அவள் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனபோது, பின்னால் எடுத்துக் கோட்டுக்குள் நிறுத்தும் பரீட்சையில் மூன்று முறை தோற்றாள். "விட்டுடுங்க அத்தை, உங்க வயசுக்கு இது வராது" என்றான் அவன். "வயசு என் பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்க பிடிச்சு இழுக்குதா என்ன?" என்று கேட்டுவிட்டு நாலாவது முறை பாஸ் செய்தாள்.

இப்போது கைவெனுக்குக் கல்யாணம். பெண் ஷியாவ்மான், மலைமேல் ஒரு சிற்றூர்க்காரி. பெண்ணை அழைத்து வர ஆறு வண்டிகள் போகும். முதல் வண்டியில் பெண்ணும் மாப்பிள்ளையும். அந்த முதல் வண்டி பெரிய பாவ்சியாக இருக்க வேண்டும் என்று கேட்க யுன்ஹையும் அவன் மச்சான் பாவ்க்வெயும் கடைக்கு வந்தார்கள். யுன்ஷியாவுக்கு மனசு பொங்கிவிட்டது. எந்த நிறத்தில் ரிப்பன் கட்டலாம் என்று பேசத் தொடங்கினாள்.

பாவ்க்வெய் இருபது வருடம் லாரி ஓட்டியவன். கல்யாண வண்டிகளுக்கு அவன்தான் பொறுப்பு. "ரிப்பனெல்லாம் நாங்க பாத்துக்குறோம் தங்கச்சி. நீ சாவிய மட்டும் குடு" என்றான்.

"நான்தானே ஓட்டப்போறேன்?"

பாவ்க்வெய் தொண்டையைக் கனைத்தான். "தப்பா எடுத்துக்காத. பொண்ணு ஏறுற வண்டி. புருஷன், புள்ளன்னு நிறைஞ்சவங்க கைதான் படணும். நீ விருந்துக்கு வா, முதல் பந்தியில உக்காரு."

யுன்ஷியா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஆவி பறக்கும் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதாவது, வண்டி வேணும், வண்டிக்காரி வேண்டாம்."

"அப்படி இல்ல…"

"இந்த வண்டிக்குச் சாவி என் கைப்பேசிதான். அதக் குடுத்துட்டா கடைக்கு வர்றவங்க காசை எதுல வாங்குறது? உங்க காதுலயா?" கூட ஒரு அட்டைச் சாவியும் கொடுத்திருந்தார்கள், அது மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. "அவன் ஆறு வருஷம் என் கையால தின்னவன். அப்ப ஒட்டாத தரித்திரம் இப்ப ஸ்டியரிங்லேர்ந்து ஒட்டிக்குமா? நான் ஓட்டுனா வண்டி வரும். இல்லேன்னா இங்கயே நிக்கும்."

இரண்டு நாள் கழித்து, சரி, நீயே ஓட்டு என்று பாவ்க்வெயே வந்து சொன்னான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டானே என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷம் யோசிக்க விடவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு ஆறு வண்டியும் கிளம்பின. ஆற்றோரப் பாதையில் ஏறி ஒன்பதுக்குப் பெண் வீடு. போன வழியே பெண்ணோடு திரும்பக் கூடாது என்பதால், வருவது கணவாய் வழி. பன்னிரண்டு மணிக்குள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண் இறங்கிவிட வேண்டும். கணவாய் வழியில் மின்சாரம் ஏற்ற ஒரு இடமும் கிடையாது. அதனால் பெட்ரோலை நிறைத்து, மின்சாரத்தையும் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள் யுன்ஷியா.

பெண் வீட்டில் பட்டாசு, கூச்சல், சிரிப்பு. சிவப்பு உடையில் ஷியாவ்மானை அவள் சித்தப்பா முதுகில் தூக்கி வந்தார். பெண்ணின் கால் தரையில் படக் கூடாது. நடு இருக்கையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கைவென்.

"தங்கச்சி, முன்னாடி பூ அவுந்து தொங்குது பாரு" என்றான் பாவ்க்வெய்.

யுன்ஷியா இறங்கிப்போய்க் குனிந்தாள். பூ ஒழுங்காகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது ஓட்டுநர் இருக்கையில் பாவ்க்வெய். கைப்பேசி அவள் கோட்டுப் பையில், வண்டிக்கு மிக அருகில் இருந்ததால், சாவி கிட்டேயே இருக்கிறது என்று வண்டியும் நம்பிவிட்டது. "நகரு தங்கச்சி!" என்று கையை ஆட்டினான். அவள் நகராவிட்டால் பெண்ணோடு வண்டி அவள் மேல் ஏறும். நகர்ந்தாள். பெரிய பாவ்சி சத்தமே இல்லாமல் அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் மற்ற ஐந்தும் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. ஒன்றுகூட நிற்கவில்லை.

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் எதிரில், அவள் வண்டியிலிருந்தே அவளை இறக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் ஒரு பெண்மணி காலிப் பாத்திரத்தோடு நின்றாள். ஷியாவ்மானின் அம்மா ஆய்லான். கொட்டிய தண்ணீர்போல மகளும் வாழாமல் திரும்பிவிடக் கூடாது என்று, வழக்கப்படி வண்டிக்குப் பின்னால் தண்ணீரை ஊற்றியிருந்தாள். கணவன் இறந்து பதினைந்து வருடம். டோஃபு என்னும் சோயாக் கட்டி விற்று மகளை வளர்த்தவள். வாசலைத் தாண்டி மகளோடு வரக் கூடாது என்று அவளுக்கும் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"உள்ள வாங்க சம்பந்தி. வெந்நீர் குடிங்க" என்றாள் ஆய்லான். "நம்ம மாதிரி ஆளுங்கள எதுக்குக் கூப்பிடுவாங்கன்னு நமக்கே தெரியும். மனச விட்டுடாதீங்க."

"விடல சம்பந்தி" என்றாள் யுன்ஷியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். திரையில் சிவப்பு எழுத்து: சாவி வண்டியில் இல்லை. ஓடுகிற வண்டி ஓடும். ஒருமுறை ஓட்டுபவன் இறங்கினால் மறுபடி கிளம்பாது. அந்த எச்சரிக்கை பாவ்க்வெயின் எதிரிலும் டிங் டிங் என்று அடித்திருக்கும். லாரிக்காரன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வானா?

வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி இரண்டு பேரும் கைப்பேசி வரைபடத்தில் வண்டியைக் காட்டி நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தே காலுக்குக் கணவாய் அடியில் புள்ளி நின்றது. அங்கே ஊர்க்காரர்கள் கயிறு கட்டி மறித்து மிட்டாயும் சிகரெட்டும் கேட்பது வழக்கம். கண்ணாடியை இறக்கிக் கொடுத்தால் போதும். பாவ்க்வெய் இறங்கித்தான் கொடுத்திருப்பான். பளபள வண்டியிலிருந்து இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

புள்ளி நகரவில்லை. கைப்பேசி அடித்தது. கைவென்.

"அத்தை, வண்டி சாவி கேக்குது. ஹீட்டரும் நின்னுபோச்சு. அத்தை… சத்தியமா எனக்குத் தெரியாது, மாமா இப்படிப் பண்ணுவாருன்னு."

"தெரிஞ்சப்புறம் நிறுத்தச் சொன்னியா?"

பாவ்க்வெய் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு பேசினான். "தங்கச்சி, அங்கேர்ந்தே பொத்தான அமுக்கினா வண்டி கெளம்புமாமே. அமுக்கிவிடு. பொண்ணு குளிர்ல நடுங்குது."

"வேற வண்டில ஏத்திக்கங்களேன்."

"என்ன பேச்சு இது! வழியில வண்டி மாறுனா மறு கல்யாணம்னு சொல்வாங்க."

"அப்ப திரும்பி வந்து என்னக் கூட்டிட்டுப் போங்க."

"வந்த வழியே எப்படித் திரும்புறது?"

"எல்லா சாஸ்திரமும் கரைச்சுக் குடிச்சிருக்கீங்க, வண்டியப் பத்தி மட்டும் ஒரு வரி படிக்கல" என்று வைத்துவிட்டாள்.

அடுத்தது அண்ணன். வீட்டிலிருந்து பேசினான், குரல் உடைந்திருந்தது. "யுன்ஷியா, நேரம் போகுது. அந்தப் பொத்தான அமுக்கும்மா."

"அண்ணா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நீ கேட்டத் திறக்கல. இன்னிக்கு நான் பொத்தான அமுக்கல."

அவள் வைத்துவிட்டாள்.

பிறகு திரையில் விரலை வைத்தாள். ஹீட்டரைப் போட்டாள். நடு இருக்கை இரண்டையும் சூடாக்கினாள். மின்சாரம் பாதிக்கு மேல் இருந்தது. அது தீர்ந்தாலும் இன்னொரு வயிறு இருக்கிறது. கைவெனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: பொண்ணு குளிரக் கூடாது. ஓட்டுறதுக்கு மட்டும் நான் வரணும்.

"எப்படிப் போவீங்க சம்பந்தி? நடந்து போறதுக்குள்ள உச்சிப்பொழுது ஆயிடுமே" என்றாள் ஆய்லான்.

முற்றத்தில் அவளுடைய டோஃபு விற்கும் மூன்று சக்கர மோட்டார் வண்டி நின்றது. யுன்ஷியா அதைப் பார்த்தாள். ஆய்லானும் பார்த்தாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பிரேக் கொஞ்சம் மோசம்" என்றாள்.

"மேடுதானே ஏறப்போறோம். பிரேக் எதுக்கு?"

ஏழு கிலோமீட்டர். டோஃபுத் தட்டுகள் பின்னால் தடதடக்க, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் கணவாய் அடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. ஆறு வண்டிகளின் ஆட்களும் சாலையில் நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டியவர்கள்கூடக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, என்னதான் நடக்கும் என்று வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். வண்டிக்குள் ஷியாவ்மான் மட்டும் கன்னம் சிவக்கச் சூடாக உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண்ணாடியில் கையை வைத்து அழுதாள்.

பாவ்க்வெயின் மூக்கு குளிரில் பீட்ரூட் நிறமாகியிருந்தது. ஓட்டுநர் கதவருகே நின்றான். யுன்ஷியா அவன் எதிரில் போய் நின்றாள். அவன் ஒதுங்கினான்.

"நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டான்.

"கடைசி வரிசை. முன்னாடி சம்பந்தியம்மா வர்றாங்க."

ஆய்லான் பின்வாங்கினாள். "நான் வரக் கூடாது. சாஸ்திரம்…"

"அம்மா, ஏறுங்க" என்றாள் ஷியாவ்மான் உள்ளிருந்து. "நீங்க ஏறலேன்னா நான் இறங்கிடுவேன். கால் தரையில பட்டா படட்டும்."

ஆய்லான் ஏறினாள். டோஃபு வண்டியைக் கயிற்றுக்காரர்களிடம் ஒப்படைத்து, அவர்களுக்கு இன்னொரு பொட்டலம் சிகரெட் கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பாவ்க்வெய் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தான்.

கணவாயில் ஓரமெல்லாம் பனி. ஏற்றத்தில் என்ஜின் உறுமி ஏற்றிவிட்டது. இறக்கத்தில் வண்டி தன் வேகத்தையே மின்சாரமாக்கிச் சேர்த்துக்கொண்டது. யுன்ஷியா ஒரு வளைவிலும் அவசரப்படவில்லை, ஒரு வளைவிலும் தயங்கவில்லை. முதலில் முன் கம்பியைப் பிடித்திருந்த ஆய்லான், பாதி வழியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினொன்று நாற்பதுக்கு அண்ணன் வீட்டுத் தெரு. கூட்டம் நெருக்கியடித்து நின்றது. முன் கண்ணாடிக்குள் யார் யார் என்று தெரிந்ததும் பேச்சு சட்டென்று அடங்கியது. வாசலில் பெண்ணை இறக்க நடைவிரிப்புப் போட்டிருந்தார்கள். யுன்ஹை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தங்கையைப் பார்த்தான். பக்கத்தில் ஆய்லானைப் பார்த்தான். யுன்ஷியா கண்ணாடியை இறக்கவில்லை. என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக, ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருந்தாள்.

அவன் திரும்பிப் போய் இரும்புக் கேட்டின் ஒரு கதவைத் திறந்தான். வழக்கமாகத் திறப்பது அது ஒன்றுதான். பிறகு குனிந்து, துருப்பிடித்த தாழைக் காலால் உதைத்து நிமிர்த்தி, இன்னொரு கதவையும் திறந்தான். முற்றத்தில் குறுக்கே கிடந்த விருந்து மேசையைத் தானே இழுத்து ஓரம் போட்டான். நடைவிரிப்பைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் விரித்தான்.

திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் இறக்கினாள்.

"உள்ள வா, யுன்ஷியா" என்றான். கண் கலங்கியிருந்தது. "வண்டியோடயே வா. இடம் பத்துமா?"

"பத்தும்" என்றாள் அவள். "பின்னால எடுத்துத்தான் உள்ள வரணும். கதவு வாசப்படிப் பக்கம் வந்தாத்தான் பொண்ணு இறங்க வசதி."

வண்டியை முன்னே எடுத்தாள், திருப்பினாள், பின்னோக்கி விட்டாள். இரண்டு பக்கமும் கைப்பிடி அளவுதான் இடைவெளி. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வண்டி ஒரே முறையில் நேராக உள்ளே போய் நின்றது.